பீச்சாங்கைப் படக்காரன்

உருவப்படம் வரைகிறவனுக்கு எதிரிகள் இரண்டே இரண்டு பேர்தான்: உயிரோடு இருக்கிறவருடைய முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று, செத்துப்போனவருடைய சொந்தக்காரர் மற்றது. கண்ணாடியையாவது சுவர்ப்பக்கம் திருப்பி வைக்கலாம்.

நீங்கள் சட்டை தைக்கிறவராக இருக்கலாம், பல்லுக் கட்டுகிறவராக இருக்கலாம், சவரக்கத்தி பிடிக்கிறவராகவும் இருக்கலாம். அடுத்தவன் உடம்பை நம்பிப் பிழைக்கிற நாம் எல்லோரும் ஒரே தோணிக்காரர். ஆனபடியால் கூச்சமில்லாமல் சொல்கிறேன். வெள்ளைக்காரன் இந்தத் தீவை விட்டுப் போவதற்கு முந்திய பத்துப் பன்னிரண்டு வருஷம், கொட்டாஞ்சேனையில் ட்ராம் ஓடுகிற றோட்டுக்குக் கிட்ட, ஒரு முன்னறையை வாடகைக்கு எடுத்து முகம் வரைந்தேன். இடக்கையால் வரைந்தேன். அதனால் பட்ட பாட்டைக் கேட்டால் உங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். பிறத்தியார் கஷ்டத்தைப் போல நல்ல மருந்து வேறு கிடையாது.

இரண்டடி பின்னால்

அதற்கு முதல் எனக்கு வலக்கை இருந்தது. அதாவது, வேலை செய்கிற வலக்கை. ஒரு படமாளிகையின் முகப்பில் மாடி உயரப் பலகைகளை நிறுத்தி நடிகைகளின் முகம் வரைவது என் உத்தியோகம். மூங்கில் சாரத்தில் இருபதடி உயரத்தில் நின்று, ஒரு நாள் ஒரு கதாநாயகியின் வலக்கண்ணை முடித்தேன். நன்றாக வந்திருந்தது. நன்றாக வந்ததைப் பார்க்க, படம் வரைகிற எவனும் இரண்டடி பின்னால் போவான். தரையில் நிற்கிறவனுக்கு அது நல்ல பழக்கம்.

முழங்கை மூன்று இடத்தில் உடைந்தது. ஆஸ்பத்திரியில் எலும்பைப் பொருத்தினார்கள், விரல்கள் பொருந்தவில்லை. ஐந்தும் உள்ளே மடங்கி, எதையோ பொத்திப் பிடித்தவன் கை போல நின்றுவிட்டன. பெரிய டொக்டர் பார்த்துவிட்டு இனி இது இப்படித்தான் என்றார். அன்று நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுதேன். அதைச் சொல்ல வெட்கம் இல்லை.

மூன்றாம் நாள் படமாளிகை மனேஜர் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து கட்டிலடியில் உட்கார்ந்தார். எவ்வளவு நல்ல மனிதர் என்று நினைத்தேன். பழத்தைத் தலைமாட்டில் வைத்தார், கட்டுப்போட்ட கையை ஒருமுறை பார்த்தார், தொண்டையைச் செருமினார். பிறகு வந்த விஷயத்தைச் சொன்னார்: "அந்தப் பொம்பிளை மூண்டு நாளா ஒற்றைக் கண்ணோட நிக்கிறா, ஆர்ட்டிஸ்ட். பேய்ப்படம் எண்டு நினைச்சுச் சனம் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வருகுதில்லை. மற்றக் கண் எப்ப?"

முட்டை

ஆஸ்பத்திரியில் படுக்கை தட்டிப்போடுகிற சிங்களவர் ஒருவர், நான் சாப்பிட மறுத்த நாளில், "வம் அத தியெனவனே, மாத்தயா" என்றார். இடக்கை இருக்கிறதே ஐயா என்று அர்த்தம். அவர் சொன்னது சோற்றை அள்ளுவதற்கு. நான் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

என் மனுசி பூரணம் தையல் மெஷினில் அயல்வீட்டுக்காரருக்குச் சட்டை தைத்து அடுப்பை எரித்துக்கொண்டிருந்தாள். நான் அவளுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து இடக்கையால் கடுதாசியில் முட்டை கீறப் பழகினேன். முகம் என்பது முட்டையில் தொடங்குகிற சமாசாரம். இடக்கையோ, கூப்பிட்டால் எதிர்ப்பக்கம் ஓடுகிற ஆடு. முதல் மாதத்து முட்டைகளைப் பார்த்து, "உந்த முட்டை போட்ட கோழி என்ன பாடு பட்டிருக்கும்" என்று பூரணம் கவலைப்பட்டாள். கிழங்கு கீறினேன், செம்பு கீறினேன், மெஷினில் குனிந்திருக்கிற அவள் முதுகைக் கீறினேன். ஒரு நாள்கூட அவள் "போதும், விடுங்கோ" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் விட்டிருப்பேன்.

எட்டு மாதம் கழித்து அவள் முகத்தைக் கீறி நீட்டினேன். ஊசியைத் துணியில் குத்திவிட்டு, கடுதாசியை வெளிச்சத்துக்குப் பிடித்து நெடுநேரம் பார்த்தாள். கடைசியில் தீர்ப்புச் சொன்னாள்: "இது நான் இல்லை. ஆனால் ஆரோ ஒரு மனுசி. போன மாசம் மனுசியாகவும் இல்லை."

மூன்று மன்னர்

இடக்கைக்கு முதல் வேலை தந்தவர் இங்கிலாந்து மன்னர். அவருக்கு அது தெரியாது. வெள்ளவத்தையில் ஒரு வாசிகசாலைக்காரர் மண்டபத்தில் மாட்ட மன்னர் படம் ஒன்று கேட்டார்கள். மன்னரை நேரில் பார்த்தவர் இங்கே யாரும் இல்லை, ஆகவே ஒப்பிட்டுப் பார்க்க ஆள் இல்லை. பழகுகிற கைக்கு இதைவிட நல்ல முகம் கிடைக்காது.

கெட்ட காலம், அது ஒரே வருஷத்தில் மூன்று மன்னர்களைக் கண்ட வருஷம். தாடிக்காரர் கிழவரைத் தொடங்கினேன், பாதியில் காலமானார். மகனைத் தொடங்கினேன். இடக்கையின் வேகம் உங்களுக்குத் தெரியும். நான் அவருடைய மார்பில் பதக்கம் குத்தி முடிப்பதற்குள், மனிதர் ஒரு பெண்ணுக்காகப் பட்டத்தையே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். தம்பியார் சிம்மாசனத்தில் ஏறினார். ஈரம் காயாத அண்ணரை நான் சுமந்துகொண்டு வாசிகசாலைக்குப் போனேன்.

வாசிகசாலைச் செயலாளர் சட்ட நுணுக்கம் தெரிந்தவர். படத்தைச் சுற்றி இரண்டு தரம் நடந்தார். எந்தக் கையால் வரைந்தது என்று கேட்காமல் விட்டது அவர் எனக்குச் செய்த புண்ணியம். கேட்டது இதுதான்: "சகோதரங்கள்தானே? தலைமயிரை மற்றப் பக்கம் வாரிவிட்டால் தம்பியாராக வராதோ?"

திரை

மன்னரின் புண்ணியத்தில் வெள்ளவத்தையிலிருந்தே அடுத்த ஆளும் வந்தார். பென்ஷன் எடுத்த பெரிய கிளாக்கர். கோட்டு, டை, தங்கச் சங்கிலி மணிக்கூடு எல்லாம் போட்டுக்கொண்டு வந்து கதிரையில் நிமிர்ந்து இருந்தார். நான் தூரிகையை எடுத்தேன். அவருடைய கண் என் கையில் நின்றது. "மற்றக் கை?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். பாவம் என்றார், கேட்கவே கஷ்டமாக இருக்கிறது என்றார், எழும்பித் தொப்பியைப் போட்டார். தான் செத்தபிறகு பிள்ளைகள் இந்தப் படத்தைச் சாமியறைக்குப் பக்கத்தில் மாட்டி மாலை போடுவார்கள், பீச்சாங்கையால் வரைந்ததற்கு எப்படி மாலை போடுவது என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். முப்பது வருஷம் கோப்புகளில் குறிப்பு எழுதிய மனிதர், என்னையும் ஒரு வரியில் எழுதி மூடிவிட்டார்.

நம்மவர்களுக்கு இடக்கை என்ன வேலைக்கு என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அன்றுதான் என் தொழில் எதிலே தொங்குகிறது என்பது விளங்கியது. கை பழகிவிட்டது, இனிச் சனம் பழகவேண்டும். சனம் பழகாவிட்டால் எனக்கு மாற்றுக் கை கிடையாது. பூரணம் மெஷினை நிறுத்தாமலே வழி சொன்னாள்: "போட்டோக்காரன் கறுப்புத் துணிக்குள்ளை தலையை விட்டால் அது தொழில். நீங்கள் விட்டால் மட்டும் என்ன?" அவள் தைத்துத் தந்த கறுப்புத் திரையை அறைக்குக் குறுக்கே கட்டினேன். கண் உயரத்தில் ஒரு கிழிசல். ஆள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். என்ன முறை இது என்று கேட்டவர்களுக்கு, சீமையில் இப்படித்தான் என்றேன்.

திரை கட்டிய பிறகு என் மதிப்பு ஏறியது. வாங்குப் பலகையிலே காத்திருந்த ஒருவர் பக்கத்திலிருந்தவருக்கு விளக்கம் சொன்னது என் காதிலேயே விழுந்தது: "போட்டோக்காரன் துணிக்குள்ளை தலையை மட்டும்தான் விடுறவன். இவர் முழு உடம்பையும் விடுறார். ஏதோ விஷயம் இருக்கு."

வாப்பாவின் கரத்தை

மாளிகாவத்தையிலிருந்து ஒரு முஸ்லிம் நானா வந்தார். புடவைக் கடை வைத்திருந்தவர். தன் முகமும் வேண்டாம், யாருடைய முகமும் வேண்டாம், தங்கள் வீட்டில் முகப்படம் மாட்டுவதில்லை என்றார். அவருடைய வாப்பா ஒரு மாட்டுக் கரத்தையில் சீத்தைத் துணி ஏற்றித் தெருத்தெருவாய் விற்று முன்னுக்கு வந்தவராம். அந்தக் கரத்தையும் மாடும் இன்னும் வீட்டில் நிற்கின்றன, அதை வரைந்து தரவேண்டும் என்றார்.

மாட்டுக்கு முன் திரை கட்ட முடியாது. மாளிகாவத்தைக்குப் போய், நடு முற்றத்தில் ஸ்டூல் போட்டு, வருவது வரட்டும் என்று இடக்கையால் தொடங்கினேன். நானா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நானாகவே கையின் கதையைச் சொன்னேன், பிடிக்காவிட்டால் இப்போதே நிறுத்திவிடுகிறேன் என்றேன். அவர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எனக்குத் தேத்தண்ணி கொண்டுவரச் சொல்லிவிட்டுச் சொன்னார்: "எந்தக் கையால கீறினாலும் எனக்கென்ன மாஸ்டர்? அந்தக் கையால எனக்குச் சோறு மட்டும் வெச்சிராதீங்க."

குடைமுனை

எல்லோரும் நானாவாக இருந்துவிட்டால் உலகத்தில் கதை எழுத ஒன்றும் மிஞ்சாது. அதற்காகவே ஆண்டவன் சிவசம்பு முதலாளியைப் படைத்திருந்தான். கொட்டாஞ்சேனையில் பெரிய அரிசிக் கடைக்காரர். அறுபதாம் கலியாணத்துக்குத் தன் படம் வேண்டும் என்று வந்தார். கலியாணம் என்றால் இரண்டு பேர் வேண்டுமே, வீட்டு அம்மாவையும் அழைத்து வாருங்கள், சேர்த்து வரைகிறேன் என்றேன். "அவள் எதுக்கு? அவளுக்கு அடுப்படியிலை வேலை கிடக்கு" என்றார்.

முதல் இரண்டு நாள் ஒழுங்காக இருந்தார். ஆனால் குத்தூசி விட்டுப் பார்க்காமல் ஒரு மூட்டை அரிசி வாங்காத மனிதரைத் திரைக்கு முன்னால் எத்தனை நாள் இருத்தலாம்? மூன்றாம் நாள், நான் அவருடைய மீசையில் மும்முரமாக இருந்தபோது, குடையின் முனை திரைக்குக் கீழே நுழைந்து மெல்ல மேலே எழும்பியது. திரைக்குப் பின்னால் நான், இடக்கையில் தூரிகை, நடுவில் அவருடைய அரை மீசை.

அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். என் கையையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். படத்தில் இருந்த கன்னத்தைப் பார்த்துவிட்டுத் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "மூண்டு நாளா உந்தக் கையாலையோ என்ர முகத்தைத் தடவினனீர்? இனி முழுகிப்போட்டுத்தான் நான் வீட்டுக்குள்ளை போகோணும்."

வெறும் வாங்கு

முதலாளி முழுகினாரோ இல்லையோ, என்னை முழுக வைத்தார். அரிசி வாங்க வராத வீடு கொட்டாஞ்சேனையில் ஏது? அரிசியோடு என் கையின் கதையும் வீடு வீடாகப் போனது. பார்த்து வரையப் போட்டோக்களைக் கொடுத்து வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து தங்கள் தகப்பன் தாயைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். ஒரு அம்மா, நான் வரைந்து முடித்த படத்தையே கொண்டுவந்து தந்தார். தீட்டுக் கழிக்க வழியுண்டா என்று ஐயரிடம் விசாரித்தாராம், ஐயருக்கும் தெரியவில்லையாம்.

வாங்கு வெறுமையாகக் கிடந்தது. பூரணம் முந்தி இரண்டு சட்டை தைத்த இடத்தில் நாலு சட்டை தைத்தாள், நூல் கோக்க ஊசியைக் கண்ணுக்கு மிகக் கிட்டப் பிடிக்கத் தொடங்கினாள். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்த அந்த வருஷங்களைப் போல நான் ஒருபோதும் குறுகிப்போனதில்லை. கையை உடைத்துக்கொண்டபோது வலித்தது. உடையாத கையை வைத்துக்கொண்டு சும்மா இருப்பது அதைவிட வலித்தது. அறைக்குக் குறுக்கே சும்மா தொங்கிய திரையைப் பூரணம் அவிழ்த்துக் கழுவி மடித்து வைத்தாள், பாவாடை தைக்கலாம் என்று சொல்லவில்லை.

மாமா ஒருவர் என்மேல் இரக்கப்பட்டு ஒரு மில்லில் காவல்காரன் வேலை பார்த்து வைத்தார். படம் கீறியவன் வாசலில் நிற்பதா என்று நான் தயங்கினேன். மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது: "உனக்கேத்த வேலையடா. கை தேவையில்லை, விடிய விடியக் கத்தத் தெரிஞ்சால் காணும்."

ஜப்பான்காரன் செய்த உபகாரம்

மாமாவின் வேலையில் நான் சேர்வதற்குள் சண்டை வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டான். மறுநாள் தொடங்கிச் சனம் புகையிரதத்தில் தொங்கிக்கொண்டு ஊருக்கு ஓடியது. கொட்டாஞ்சேனையிலும் செட்டியார் தெருவிலும் இருந்த வலக்கை ஆர்ட்டிஸ்டுகள் மூன்று பேரும் மூன்று திக்கில் பறந்தார்கள். ஓடுவதற்கு ஊர் இல்லாத காரணத்தால் நான் இருந்தேன். இதை வீரம் என்று இப்போது சிலர் சொல்கிறார்கள், நான் மறுப்பதில்லை.

சிவசம்பு முதலாளியும் ஓடவில்லை. அரிசிக் கடையை விட்டு எப்படிப் போவது? அவருக்குச் சமைத்துப் போட வேண்டும் என்று அவருடைய மனுசி தெய்வானை அம்மாவும் போகவில்லை. குண்டு அந்த அம்மாவை ஒன்றும் செய்யவில்லை. சில மாதம் கழித்து மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டார். அதற்குப் பத்து நாள் பின்னால், முதலாளி குடையை வாசலில் சாத்திவிட்டு என் வெறும் வாங்கில் வந்து உட்கார்ந்தார். மீசை வழிக்கப்பட்டு, முகம் சின்னதாகியிருந்தது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு முன் அம்மாவின் படம் வேண்டும் என்றார். ஆளுடைய போட்டோ ஒன்றும் இல்லையாம்.

எனக்குள் இருந்த பழைய கோபம் அப்போதுதான் சோம்பல் முறித்து எழும்பியது. இது பீச்சாங்கை, முதலாளி, மறந்துவிட்டீர்களோ என்று கேட்டேன். கேட்டபிறகு வெட்கமாக இருந்தது. அவர் தலை குனிந்தபடியே ஒளிவுமறைவில்லாமல் பதில் சொன்னார்: "மறக்கேல்லை. மற்றவங்கள் எல்லாரும் ஓடிப்போட்டாங்கள்."

மூக்கு மாதிரி மூக்கு

போட்டோ இல்லாத முகத்தை வரைவதற்கு எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. இரத்த உறவுகளை வரிசையாக இருத்தி, நெற்றியை மகளிடம், தாடையைத் தங்கையிடம் என்று கடன் வாங்கிச் சேர்ப்பது. சேர்ந்து வருகிற முகம் சில வேளை செத்தவரைப் போல இருக்கும், சில வேளை உறவுக்காரர் எல்லோரும் ஒரே சட்டைக்குள் புகுந்தது போல இருக்கும். ஆகையால் கூடவே வாழ்ந்தவரிடம் முதலில் விசாரிக்க வேண்டும்.

விசாரித்தேன். அம்மாவின் மூக்கு எப்படி, முதலாளி? யோசித்தார். மூக்கு மாதிரித்தான் இருந்தது என்றார். கண்? இரண்டு என்றார். நெற்றி அகலமா, ஒடுக்கமா? முந்தானையைப் போட்டிருப்பாள், கவனிக்கவில்லை. தோடு? அங்கே மனிதர் நிமிர்ந்தார். எட்டுக்கல்லுத் தோடு, செட்டியார் தெருவில் செய்தது, இடத்தோட்டில் கீழ்க்கல் கொஞ்சம் மங்கல், மாற்றித் தருகிறேன் என்ற தட்டான் கடைசிவரை மாற்றித் தரவில்லை. சங்கிலியின் முறுக்கு, காப்பின் பூட்டு, மூக்குத்தியின் திருகு எல்லாம் சொன்னார். நகையை அன்றே வரைந்து முடித்தேன். நடுவில் ஒரு முகம் மட்டும் பாக்கி.

முப்பத்தைந்து வருஷம் ஒரு கூரைக்குள் இருந்த மனிதருக்கு முகம் நினைவில்லை என்று நான் சிரிக்கவில்லை. அவரே திடுக்கிட்டுப் போயிருந்தார். கண்ணை மூடிக்கொண்டு தேடிப் பார்த்தார், அகப்படவில்லை. விழிகள் நனைந்தபடி என்னிடம் சொன்னார்: "சோறு போடேக்கை குனிஞ்சு நிப்பாள், தம்பி. நான் கோப்பையைத்தான் பாத்தனான்."

பொட்டு

மகளையும் தங்கையையும் இரண்டு கிழமை இருத்தி இடக்கையால் முகத்தை முடித்தேன். இந்த முறை திரை கட்டவில்லை. குற்றம் சொல்ல ஒன்றும் இல்லாத முகம். வீட்டுக்காரர் எல்லோரும் வந்து பார்த்து, ஓம், அம்மாதான் என்றார்கள். முதலாளி கிட்ட வந்து நின்றார். பார்த்தார், மற்றப் பக்கம் போய் நின்று பார்த்தார், திரும்பி வந்தார். நன்றாகத்தான் இருக்கிறது என்றார், ஊர்க்காரர் யாரோ ஒருவருக்கு நன்றி சொல்வதுபோல. எனக்கு விளங்கியது. அவர் தேடி வந்தவள் இன்னும் வரவில்லை. இந்தப் படத்தையும் வேண்டாம் என்று விட்டுப் போனால், போகிற இடமெல்லாம் அவர் சொல்லப் போவதும் விளங்கியது. மில் வாசல் என் கண்முன் வந்தது.

நெற்றியில் பொட்டு மட்டும் வைக்கவில்லை. சுமங்கலியாகப் போன அம்மா, பொட்டுத்தான் கடைசி. அதற்கு முதலாளி ஒரு நிபந்தனை வைத்தார். முகத்தை எந்தக் கையாலோ வரைந்தாயிற்று, அதை விடுவோம், குங்குமம் மங்கலப் பொருள், பொட்டையாவது சோற்றுக்கையால் வைக்கவேண்டும். அந்தக் கையால் ஒரு செம்பைப் பிடிக்க முடியாது என்றேன். பிடிக்கவேண்டாம், வைத்தால் போதும் என்றார். நான் முடியாது என்று சொல்ல வாயெடுத்தபோது, பூரணம் தையல் நாடா ஒரு முழத்தோடு வந்து, என் மடங்கிய விரல்களுக்குள் தூரிகையைச் செருகி, நாலு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள். "வையுங்கோ" என்றாள்.

ஏழு வருஷமாகத் தூரிகை தொடாத கை. நான் தோளிலிருந்து முழுக்கையையும் சுமந்துகொண்டு போய் நெற்றியில் வைத்தேன். நடுவில் வைக்கத்தான் போனேன். முழங்கை இழுத்தது, கை சறுக்கியது, குங்குமச் சிவப்பு இடப்புருவத்துப் பக்கம் சரிந்து ஒரு கோணல் வட்டமாக நின்றது. துடைத்துவிடலாம் என்று துணியை எடுத்தேன்.

முதலாளி என் கையைப் பிடித்துத் தடுத்தார். படத்துக்குக் கிட்டப் போனார். அவள் ஒருநாளும் கண்ணாடி பார்த்துப் பொட்டு வைத்ததில்லை என்றார், அடுப்படியில் நின்றபடியே விரலால் தொட்டு இழுத்துவிடுவாள், கோணலாகத்தான் இருக்கும், முப்பத்தைந்து வருஷமாகச் சொன்னேன் கேட்கவில்லை என்றார். கடைக்காரர், அறுபது கடந்தவர், என் அறையின் நடுவில் நின்று பிள்ளையைப் போல அழுதார். பூரணமும் அழுதாள். நானும்தான். அந்த நேரத்தில் அவருடைய பழைய பேச்சு எல்லாவற்றையும் மன்னித்துவிட்டேன் என்று எழுத எனக்கு ஆசை. ஆனால் அவர் அதற்கு இடம் தரவில்லை. சால்வையால் முகத்தைத் துடைத்தார், மூக்கைச் சிந்தினார், என் வலக்கையை, நாடா கட்டிய அந்தக் கையை, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னார்: "பாத்தீரோ ஆர்ட்டிஸ்ட்? சோத்துக்கை சோத்துக்கைதான். முழுப்படத்தையும் இதாலையே கீறியிருக்கலாம்."

நேர்ப் பொட்டு

அந்தியேட்டிக்கு வந்த சனம் அத்தனையும் படத்தைப் பார்த்தது. மறுகிழமை வாங்கில் ஆள் இருந்தது. அதற்கடுத்த கிழமை வாங்கு போதவில்லை. முதலாளி தன் கடையில் அரிசியோடு இந்தக் கதையையும் சேர்த்து அனுப்பினார். கொட்டாஞ்சேனையில் புது வழக்கம் ஒன்று உண்டாயிற்று: முகம் எந்தக் கையாலாவது இருக்கட்டும், பொட்டு ஆர்ட்டிஸ்டின் சோற்றுக்கையால். பொட்டு வைக்காத வேதக்காரர், கழுத்துச் சிலுவையையாவது அந்தக் கையால் தொடச் சொன்னார்கள். குண்டுப் பயம் தீர்ந்து மற்ற ஆர்ட்டிஸ்டுகள் திரும்பி வந்தபோது, இரண்டு கையும் நேராக இருக்கிற குறையினால் அவர்கள் கொஞ்சம் கஷ்டப்பட்டார்கள். பூரணத்துக்குக் கண்ணாடி எடுத்துக் கொடுத்தேன். மெஷினை மூடி அதன்மேல் பூச்சாடி வைத்தாள்.

அதற்குப் பிறகும் என்னை ஒருத்தர் சந்தேகப்பட்டார். கல்கிசையிலிருந்து ஒரு அம்மா தன் மாமியாரின் படத்தை எடுத்துப்போக வந்தார். அந்த மாதம் வெயில் நல்ல வெயில், என் முழங்கை கொஞ்சம் இளகியிருந்தது. நாடா கட்டி வைத்த பொட்டு, அதிசயமாக, நெற்றிக்கு நட்டநடுவில் பொருந்திவிட்டது. ஏழெட்டு வருஷத்துக்குப் பிறகு என் வலக்கை ஒரு காரியத்தை ஒழுங்காகச் செய்திருக்கிறது என்று எனக்குள் ஒரு பூரிப்பு. அந்த அம்மா படத்தைத் தூக்கிப் பார்த்தார். கிட்டப் பார்த்தார், எட்டப் பார்த்தார், முகம் சுளித்தார்: "பொட்டு நேராக் கிடக்கே. பீச்சாங்கையால வைச்சிட்டு என்னை ஏமாத்தப் பாக்கிறீரோ?"

ஆகவே மாடாய் உழைத்தது ஒரு கை, பேர் வாங்கியது மடங்கிக் கிடந்த மற்றக் கை. கந்தோரில் உத்தியோகம் பார்க்கிறவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.